காண்பவர் பலர், விடையளிப்பவர் யார்? கொங்கு மண்டலச் சிறார் இல்லங்களை முன்வைத்து அரசின் பொறுப்புடைமை

ஆய்வுச்சுருக்கம்

குடும்பத்தின் பிடியிலிருந்து நழுவிய சிறாரையும் சட்டத்திற்கு முரண்பட்ட சிறாரையும் காக்கும் கடமையை இளைஞர் நீதிச் சட்டம், 2015 அரசின்மீது சுமத்துகிறது. இல்லங்களைக் கண்காணிக்கப் பல அமைப்புகளை அச்சட்டம் உருவாக்கியுள்ளது. ஆயினும் இல்லம் ஒன்றில் குழந்தை இறந்தபின் விடையளிக்க நிறுத்தப்படுவோர் பெரும்பாலும் அவ்வில்லத்தின் ஊழியர்களே. கண்காணிக்கக் கடமைப்பட்டோர் விசாரணையின் எல்லைக்குள் வருவது அரிது. கொங்கு மண்டலத்தின் சூழலையும், 2022-ஆம் ஆண்டு திருமுருகன்பூண்டியிலும் செங்கல்பட்டிலும் நிகழ்ந்த இறப்புகளையும் முன்வைத்து, கண்காணிப்பு பொறுப்புடைமையாக மாறாமைக்கான சட்டவழிக் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொறுப்புடைமை, இளைஞர் நீதிச் சட்டம், கூர்நோக்கு இல்லம், குழந்தைகள் நலக் குழு, ஆய்வுக் குழு, கொங்கு மண்டலம்.

முன்னுரை

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்திற்கு 2021-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம் 2022 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் இயங்கும் என்பது அத்திருத்தத்தின் மையக் கூறு. பல துறைகளிடையே சிதறிக் கிடந்த கடமைகளுக்கு மாவட்ட அளவில் ஒருவரைப் பொறுப்பாக்குவதே அதன் நோக்கம்.

அதன்பின் ஐந்து வாரங்களில், அக்டோபர் 6 அன்று, திருப்பூர் மாவட்டம் திருமுருகன்பூண்டியில் இயங்கிய விவேகானந்தா சேவாலயம் என்னும் குழந்தைகள் இல்லத்தில் மூன்று சிறுவர்கள் இறந்தனர். நான்காம் மாத இறுதியில், டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டு அரசு சிறப்பு இல்லத்தில் திருட்டு வழக்கு ஒன்றின்பேரில் அடைக்கப்பட்டிருந்த பதினேழு வயதுச் சிறுவன் இறந்தான். முன்னது தனியார் நடத்திய இல்லம். பின்னது அரசே நடத்தியது. முன்னதில் இருந்தோர் பராமரிப்பு தேவைப்பட்ட குழந்தைகள். பின்னதில் இறந்தவன் சட்டத்திற்கு முரண்பட்டவன் எனக் கருதப்பட்டவன். இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும் இரு நிகழ்வுகளுக்குப் பின்னரும் எழுந்த வினா ஒன்றே: இக்குழந்தைகளைக் காக்கத் தவறியமைக்கு யார் விடையளிப்பது?

சொல்லும் பொருளும்

இவ்வினாவை அணுகுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். தமிழில் 'பொறுப்பு' என்னும் சொல் கடமையைக் குறிக்கிறது; ஒரு பணியை ஏற்றிருத்தல் என்பது அதன் பொருள். ஏற்ற பணியைப் பற்றி வினவப்படும்போது விடை கூறக் கடமைப்பட்டிருத்தல் என்பது இதனின் வேறானது. தமிழக நிருவாக வழக்கில் இது 'பொறுப்புடைமை' எனப்படுகிறது. இலங்கைத் தமிழ் வழக்கில், போருக்குப் பிந்தைய அரசியல் சூழலில், 'பொறுப்புக்கூறல்' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது.

இவ்விரு சொற்களின் வேறுபாடு கருதத்தக்கது. 'உடைமை' ஒரு நிலையைச் சுட்டுகிறது. 'கூறல்' ஒரு செயலைச் சுட்டுகிறது. கூறல் என்றவுடன் கூறுபவர் யார், யாரிடம் கூறுவது, எப்போது கூறுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. பொறுப்பை உடையவர் பலராக இருக்கலாம். கூறுபவர் ஒருவரேனும் இல்லையெனில் அவ்வுடைமையால் பயன் இல்லை. சிறார் இல்லங்களைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் பொறுப்பைத் தாராளமாகப் பகிர்ந்தளித்துள்ளது. பொறுப்புக்கூறலை அவ்வாறு வரையறுக்கவில்லை.

வரலாற்றுப் பின்னணி

சிறார் நீதியில் தமிழகத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டுச் சிறப்பு இல்லம் 1887-இல் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொடர்ச்சியாகும். சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் 1920-இல் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களில் இத்தகைய முதற்சட்டம் இதுவே. வங்காளமும் (1922) பம்பாயும் (1924) பின்னரே இவ்வழியில் வந்தன. விடுதலைக்குப்பின் 1986-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. இந்தியா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992 டிசம்பரில் ஏற்றதைத் தொடர்ந்து 2000-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

இந்நீண்ட வரலாற்றில் குழந்தையைக் குறிக்கும் சொற்கள் மாறியுள்ளன. 'குற்றவாளிச் சிறார்' என்பது 'சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்' ஆயிற்று. 'சீர்திருத்தப் பள்ளி' என்பது 'சிறப்பு இல்லம்' ஆயிற்று. சுவர்களும் பூட்டுகளும் பெரிதும் பழையபடியே தொடர்கின்றன. பெயர் மாற்றம் இரங்கத்தக்க ஒரு விளைவையும் தந்துள்ளது. சிறை என்று அழைக்கப்பட்டால் அதற்குரிய கண்காணிப்பும் கணக்கெடுப்பும் உடன்வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறைகளில் நிகழும் இறப்புகளை மாநில வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 'இல்லம்' என்று அழைக்கப்படும் இடத்தில் நிகழும் இறப்புக்கு அதற்கு நிகரான ஆண்டு வெளியீடு இல்லை.

கொங்கு மண்டலச் சூழல்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் ஆகிய மாவட்டங்களைக் கொண்ட கொங்கு மண்டலம் நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் விசைத்தறிகளும் நிறைந்த தொழிற்பகுதி. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இங்குக் குடும்பங்கள் வருகின்றன. குடும்பமின்றித் தனித்து வரும் வளரிளம் பருவத்தினரும் உளர். திருமண உதவித்தொகையைக் காட்டி இளம்பெண்களை ஆலை விடுதிகளில் தங்கவைத்து வேலைவாங்கிய 'சுமங்கலித் திட்டம்' இம்மண்டலத்தின் பெயரை உலக அளவில் விவாதத்திற்கு உள்ளாக்கியது.

இத்தகைய பகுதியில் இடருறும் சிறார்க்கு உடனடியாகத் துணைநிற்க உற்றார் அருகில் இருப்பதில்லை. பங்காளிகளும் மாமன் மைத்துனரும் சூழ்ந்த ஊரில் ஒரு சிறுவன் வழிதவறினால் கேட்பதற்கு நால்வர் உண்டு. வாடகை வீட்டு வரிசையில் வளரும் புலம்பெயர்ந்த தொழிலாளியின் மகனுக்கு அத்துணை இல்லை. எனவே அரசின் சேவை அவனுக்கு இரண்டாம் துணையாக அமைவதில்லை. பல வேளைகளில் அதுவே ஒரே துணை.

அச்சேவையோ பல சட்டங்களிடையே பிரிந்து கிடக்கிறது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆலை விடுதியில் தங்கியிருந்தால், மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் தொழிலாளர் சட்டங்களும் அவளுக்குப் பொருந்தும். அங்கிருந்து வெளியேறிப் பேருந்து நிலையத்தில் மீட்கப்பட்டால் அவள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்படுவாள். வெளியேறும்போது உடன் தங்கியவரின் பணத்தை எடுத்தாள் எனப் புகார் எழுந்தால் அவள் சட்டத்திற்கு முரண்பட்ட சிறார். இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தப்படுவாள். பெண் ஒருத்தியே, அவளுக்குப் பொறுப்பான அலுவலகங்கள் மூன்று. ஓர் அலுவலகத்தின் கோப்பு முடியும் இடத்தில் அடுத்ததன் கோப்பு தொடங்குவதால், இடையில் நிகழ்ந்ததற்கு எந்த அலுவலகமும் விடையளிக்க வேண்டியதில்லை என்னும் நிலை உருவாகிறது.

கூர்நோக்கு இல்லங்களின் அமைப்பும் இதனைச் சிக்கலாக்குகிறது. ஒரு மாவட்டத்திற்கோ சில மாவட்டங்கள் சேர்ந்த தொகுதிக்கோ ஓர் இல்லம் அமைக்கச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதனால் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் உள்ள இல்லங்களுக்கு அண்டை மாவட்டச் சிறுவர்களும் அனுப்பப்படுகின்றனர். கோயம்புத்தூர்க் கூர்நோக்கு இல்லம் சிறையிலிருந்து விடுதலையானோர்க்கு உதவுவதற்காக அமைந்த சங்கத்தால் அரசின் நிதியுதவியுடன் நடத்தப்பட்டு வந்தது. நடத்துவதைச் சங்கம் ஒன்றிடம் அளிக்கலாம். காக்கும் கடமையை அவ்வாறு அளித்துவிட முடியாது. குழந்தையை அங்கு அனுப்புவது அரசின் ஆணை. அக்குழந்தை தானாக வெளியேற முடியாதவாறு தடுப்பதும் அரசின் ஆணையே.

சட்டம் அமைத்த கண்கள்

இல்லங்களைப் பார்வையிடுவோர் குறைவு என்று கூற இயலாது. சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி இளைஞர் நீதிக் குழுமம் சட்டத்திற்கு முரண்பட்ட சிறார் தங்கும் இல்லங்களை மாதம் ஒருமுறையேனும் பார்வையிட வேண்டும். 30-ஆம் பிரிவின்படி குழந்தைகள் நலக் குழு பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் இல்லங்களை மாதம் இருமுறையேனும் பார்வையிட வேண்டும். 54-ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் ஆய்வுக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எல்லா இல்லங்களுக்கும் செல்ல வேண்டும். அக்குழுவில் மூவருக்குக் குறையாதோர் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருத்தல் வேண்டும். ஒரு வாரத்தில் அறிக்கை தரவேண்டும். ஒரு மாதத்தில் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். நடவடிக்கை பற்றிய அறிக்கை மாநில அரசுக்குச் செல்ல வேண்டும். இவற்றுடன் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் 109-ஆம் பிரிவின்கீழ்ச் சட்டத்தின் செயற்பாட்டைக் கண்காணிக்கிறது.

இவ்வமைப்பை நுணுகி நோக்கினால் மூன்று குறைகள் புலப்படுகின்றன.

முதலாவது, எண்ணிக்கை பற்றியது. குழந்தைகள் நலக் குழுவின் 'மாதம் இரு பார்வை' என்பது மாவட்டத்திலுள்ள இல்லங்கள் அனைத்திற்கும் சேர்த்துக் கூறப்பட்ட குறைந்த அளவு. ஆண்டுக்கு இருபத்துநான்கு பார்வைகள். ஒரு மாவட்டத்தில் நாற்பது இல்லங்கள் இருப்பதாகக் கொண்டால், சட்டத்தை வழுவாது பின்பற்றும் குழுவும் ஓர் இல்லத்தை ஆண்டுக்கு ஒருமுறைகூடக் காணாதிருக்கலாம்.

இரண்டாவது, தவறியதற்கான விளைவு பற்றியது. குழும உறுப்பினரும் நலக் குழு உறுப்பினரும் தொடர்ந்து மூன்று மாதங்கள் தக்க காரணமின்றி அமர்வுகளுக்கு வராவிட்டாலோ, ஓராண்டின் அமர்வுகளில் நான்கில் மூன்று பங்கிற்குக் குறைவாகக் கலந்துகொண்டாலோ பதவியிழப்பர் என 4, 27 ஆகிய பிரிவுகள் கூறுகின்றன. அமர்வைத் தவறவிட்டால் பதவி போகும். இல்லத்தைப் பார்வையிடத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வாறான வெளிப்படையான விதி இல்லை. மேசைக்கு வருகைப் பதிவேடு உண்டு. இல்லத்தின் வாயிலுக்கு இல்லை.

மூன்றாவது, அறிக்கை செல்லும் திசை பற்றியது. ஆய்வறிக்கை மாவட்டத்திலிருந்து மாநிலத்திற்கு மேல்நோக்கியே செல்கிறது. அதனைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்றோ, இல்லத்திலுள்ள குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அதன் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்றோ 54-ஆம் பிரிவு கூறவில்லை. அரசின் குறையைக் கண்டறியும் அறிக்கை அரசிடமே சென்று அரசிடமே தங்கிவிடுகிறது.

இரு நிகழ்வுகள் காட்டுவன

திருமுருகன்பூண்டி இல்லத்தில் உணவு ஒவ்வாமையால் சிறுவர் மூவர் இறந்து, ஏனையோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அமைச்சர் கீதா ஜீவன் நேரில் வந்து, நிருவாகத்தின் கவனக்குறைவைச் சுட்டி, இல்லம் மூடப்படும் என்று அறிவித்தார். இல்லத்தின் நிருவாகத் தரப்பினர் கைது செய்யப்பட்டனர்.

இங்கு எழும் வினா, நிருவாகம் தவறியதா என்பதோடு முடிவதில்லை. குழந்தைகள் தங்கும் இல்லம் ஒவ்வொன்றும் 41-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். பதிவின்றி நடத்துவோர்க்கு 42-ஆம் பிரிவு ஓராண்டுவரை சிறையோ ஓரிலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. ஆகவே ஓர் இல்லம் பதிவு பெற்றதாயின், அதன் சமையலறையையும் இரவுப் பணியாளரையும் மருத்துவ ஏற்பாட்டையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசின் குழு கண்டிருக்க வேண்டும். பதிவு பெறாததாயின், அது இயங்கியதையே அரசு தடுத்திருக்க வேண்டும். இரு நிலையிலும் வினா அரசின் வாயிலுக்கே வந்து சேர்கிறது. இல்லத்தை மூடுவது வினாவுக்கு விடையாவதில்லை. வினா எழுந்த இடத்தைப் பூட்டுவதாகவே அமைகிறது.

செங்கல்பட்டு நிகழ்வில் இடைத்தரப்பே இல்லை. சிறுவனை அடைத்ததும் அரசு. காத்திருக்க வேண்டியதும் அரசு. உடல்நலக் குறைவு எனத் தொடக்கத்தில் கருதப்பட்ட இறப்பு உடற்கூறாய்விற்கும் நடுவர் விசாரணைக்கும் பின்னர்த் தாக்குதல் வழக்காக மாறியது. இல்லத்தின் ஊழியர் அறுவர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டனர். குழந்தைகள் இல்ல ஊழியரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 75-ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கிறது. அதற்கும் மேலான குற்றங்களுக்குப் பொதுக் குற்றவியல் சட்டம் உண்டு.

குற்றவியல் சட்டம் கையை நோக்குகிறது. அடித்த கை எது என்று தேடுகிறது. அது தேவையானதே. ஆயினும் அச்சட்டத்தின் ஒளி விழாத பகுதிகள் உள்ளன. பதினேழு வயதுச் சிறுவனை ஒரு திருட்டு வழக்கில் இல்லத்திற்கு அனுப்புவது தேவைதானா என்பது முதல் வினா. நிறுவனத்தில் வைத்தல் இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூறும் நெறி. பிணையே பொதுவிதி என்பது 12-ஆம் பிரிவின் உட்கிடை. அனுப்பப்பட்டவனுக்கு முதல் நாளில் மருத்துவச் சோதனையும் உளவியல் ஆற்றுப்படுத்தலும் கிடைத்தனவா, இல்லத்தில் போதிய ஊழியர் இருந்தனரா, அவர்கள் பயிற்சி பெற்றிருந்தனரா, முந்தைய பார்வைகளில் குறைகள் எழுதப்பட்டனவா என்பவை அடுத்த வினாக்கள். இவற்றுக்கு விடையளிக்க வேண்டியோர் இல்லத்தின் காவலர்களோ சமையற்காரர்களோ அல்லர். கீழ்நிலை ஊழியர்மீது மட்டும் நடவடிக்கை முடியுமானால், அமைப்பின் தவறு தனிமனிதரின் தவறாகச் சுருங்கிவிடுகிறது.

இவ்விறப்பையொட்டித் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. குழு 2023 நவம்பரில் முதலமைச்சரிடம் அறிக்கை அளித்தது. சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்க்கெனச் சிறப்புச் சேவைகளுக்கான தனி இயக்ககம் தேவை என்பது அதன் பரிந்துரைகளுள் முதன்மையானது. பொறுப்புடைமை நோக்கில் இப்பரிந்துரையின் பயன் தெளிவு: பலரிடம் பகிர்ந்து கிடக்கும் கடமைக்கு ஒரு முகவரி கிடைக்கும். சமூகப் பாதுகாப்புத் துறை பின்னர்க் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயரின் மாற்றம் நடைமுறையின் மாற்றமாக வேண்டுமெனில், முற்பகுதியில் கூறிய மூன்று குறைகளும் களையப்பட வேண்டும்.

நீதிமன்றங்களின் வழி

நிருவாகம் விடையளிக்காத இடங்களில் நீதிமன்றங்கள் விடை கேட்டுள்ளன. மாமல்லபுரத்து ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டமை பற்றிய செய்தியிலிருந்து 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் எழுந்த வழக்கு, 'தமிழ்நாடு மாநில ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டல்' என்றே பெயர் பெற்றது. 2017 மே 5 அன்று நீதியரசர் மதன் பி. லோகுர் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு எல்லா இல்லங்களையும் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும், சமூகத் தணிக்கை நடத்தவும் பணித்தது. 2005-இல் தொடுக்கப்பட்ட சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரி 9 அன்று வந்த தீர்ப்பு, ஆணையங்களிலும் குழுமங்களிலும் காலியிடங்களை நிரப்பவும், உயர் நீதிமன்றங்கள் தாமாக வழக்குப் பதிந்து சட்டத்தின் நடைமுறையைக் கண்காணிக்கவும் கூறியது.

இவ்விரண்டிற்கும் இடையே, 2017 செப்டம்பர் 15 அன்று, சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணையை இட்டது. குழந்தைகள் இல்லங்களில் நிகழும் இயற்கைக்கு மாறான இறப்புகளைத் தொகுப்பதற்கான நடைமுறையை மாநிலங்களுடன் கலந்து வகுக்க வேண்டும் என மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திற்கு அது பணித்தது. இல்லங்களில் இறக்கும் குழந்தைகளை எண்ணுவதற்கே நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது என்பது நிலைமையைக் காட்டப் போதுமானது.

இழப்பீடு மற்றொரு வழி. அரசின் காவலில் உயிரிழந்தவரின் குடும்பத்திற்கு அரசே இழப்பீடு தரவேண்டும் என்பதை நீலபதி பெஹெரா வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அவ்வழக்கிலும் மகனை இழந்த தாயின் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. எனினும் அரசு விரும்பி வழங்கும் நிவாரணம் வேறு, தவற்றை ஏற்று வழங்கும் இழப்பீடு வேறு. முன்னது இரக்கத்தின்பாற்பட்டது, பின்னது உரிமையின்பாற்பட்டது. நிவாரணத்தோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் விடையளிக்கும் கடமையை மங்கச் செய்கிறது.

நீதிமன்ற வழிக்கு எல்லையும் உண்டு. மேற்குறித்த முதல் வழக்கு தீர்ப்புப் பெறப் பத்தாண்டும் அடுத்த வழக்கு பதின்மூன்றாண்டும் ஆயின. வழக்குத் தொடங்கியபோது ஐந்து வயதிலிருந்த குழந்தை தீர்ப்பு வரும்போது இல்லத்தைவிட்டு வெளியேறும் வயதை எட்டியிருக்கும்.

பிறநாட்டுப் படிப்பினை

காண்பவர் இருந்தும் விடையளிப்பவர் இல்லாத நிலை இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில் உள்ள டான் டேல் சிறார் தடுப்பு மையத்தில் 2014 ஆகஸ்டில் சிறுவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அப்பகுதியின் குழந்தைகள் ஆணையர் 2015-இலேயே அது பற்றி அறிக்கை அளித்தார். அறிக்கை அசைக்காத அரசை 2016 ஜூலையில் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படம் அசைத்தது. மறுநாளே ராயல் ஆணையம் அறிவிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2017 நவம்பரில் வந்தது. அறிக்கை எழுதப்பட்டமை குறையன்று. அறிக்கைக்கு விடையளிக்க எவரும் கடமைப்படாமையே குறை.

1990-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாரின் பாதுகாப்பு விதிகள் இவ்விடத்தில் வழிகாட்டுவன. இல்ல நிருவாகத்தைச் சாராத ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வரவேண்டும். இறப்பு நேர்ந்தால் சார்பற்ற விசாரணை நடைபெற வேண்டும். அதன் அறிக்கை நெருங்கிய உறவினர்க்குக் கிடைக்க வேண்டும் என அவை கூறுகின்றன. இறந்த குழந்தையின் தாய் அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமையுடையவர் என்னும் இக்கருத்தே 'பொறுப்புக்கூறல்' என்னும் சொல்லின் நேரடிப் பொருள்.

செய்யத்தக்கன

சட்டத்தை முற்றிலும் மாற்றாமலே சில திருத்தங்கள் இயலும். பார்வையிட்ட நாள், பார்வையிட்ட குழு, சுட்டிய குறை, எடுத்த நடவடிக்கை ஆகிய நான்கையும் இல்ல வாரியாக மாவட்ட இணையதளத்தில் வெளியிடலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு அரசு அலுவலகங்கள் தாமாகத் தகவல் வெளியிடுவதை ஏற்கெனவே கடமையாக்கியுள்ளது. குழந்தைகளின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைவிதிக்கிறது என்பது இதற்கு எழக்கூடிய மறுப்பு. அத்தடை குழந்தையைக் காப்பதற்கானது, அலுவலரைக் காப்பதற்கானதன்று. குழந்தையின் பெயரின்றியே மேற்கூறிய நான்கையும் வெளியிட முடியும்.

அமர்வைத் தவறவிடுவதற்குரிய விளைவை இல்லப் பார்வையைத் தவறவிடுவதற்கும் உரியதாக்குதல் அடுத்தது. ஊழியர் பற்றாக்குறை இதற்கு மறுப்பாகக் கூறப்படலாம். பற்றாக்குறை உண்மையாயின், அதுவே பொதுவெளியில் பதிவாக வேண்டிய முதல் குறை; காலியிடத்தை நிரப்பாத மேல்நிலை அப்போதுதான் விடையளிக்க நேரும்.

மூன்றாவது, குழந்தையின் குரல். 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகளின் ஆலோசனைப் பெட்டி வைக்கப்பட வேண்டும் என்கின்றன. அலுவலகத்திற்குத் தொலைவிலும் குழந்தைகளின் உறைவிடத்திற்கு அருகிலும் அது இருத்தல் வேண்டும். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பற்றிய மரபுக்கதை தமிழர் அறிந்தது. அக்கதையில் மணி இருந்தது சிறப்பன்று. ஒலி கேட்டு அரசன் வெளியே வந்தான் என்பதே சிறப்பு. பெட்டி வைப்பது எளிது. அதனுள் இடப்பட்ட தாளுக்கு இத்தனை நாளில் விடை தரப்பட்டது என்னும் பதிவேடே அதற்குப் பொருள் தருகிறது.

முடிவுரை

சிறார் இல்லங்களைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் கண்காணிக்கும் அமைப்புகளைப் போதிய அளவில் வழங்கியுள்ளது. கண்டவர் கண்டதைக் கூறவும், கேட்டவர் செய்ததைக் கூறவும் கட்டாயப்படுத்தும் விதிகளே குறைவு. இதனால் குழந்தை உயிரோடிருக்கும்வரை பொறுப்பு அனைவருடையதாகவும், இறந்தபின் கடைநிலை ஊழியருடையதாகவும் மாறுகிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்ட ஆட்சியரை மேற்பார்வையாளராக்கியதன்மூலம் விடையளிக்க வேண்டியவர் யார் என்னும் வினாவின் ஒரு பகுதியைத் தீர்த்துள்ளது. யாரிடம், எத்தனை நாளில், எந்த வடிவில் என்னும் பகுதிகள் எஞ்சியுள்ளன. உறவின்றித் தொழில்நகரங்களுக்கு வந்துசேரும் சிறாரைப் பெருமளவில் கொண்ட கொங்கு மண்டலத்திற்கு இவ்வினாக்கள் கோட்பாட்டளவில் நின்றுவிடுவன அல்ல. அப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதற்கு வேறு எவரும் இல்லாத நிலையில், கேட்காமலே விடை கூறும் கடமை அரசினுடையதாகிறது.